பெயருக்கு வந்த வழக்கு



எங்கள் தோட்டப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஒரே பெயருடைய பிள்ளைகள் இருவர், சில ஆண்டுகளில் மூவர்கூட, ஒரே வகுப்பில் வந்து சேர்வதுண்டு. தகப்பனார் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்தோ, பெரியவன் சின்னவன் என்று பிரித்தோ வகுப்பை நடத்திவிடுகிறோம். கடைத்தெருவிலும் அப்படித்தான். ஈப்போவில் ஒரு லட்சுமி விலாஸ் இருந்தால் கிள்ளானிலும் ஒன்று இருக்கலாம். இரண்டிலும் தோசை சுடலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே காலம் தள்ளலாம்.

இணையத்தில் மட்டும் இந்தத் தாராளம் கிடையாது. அங்கே ஒரு முகவரிப் பெயர் உலகம் முழுவதற்கும் ஒன்றே ஒன்றுதான். கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது நீண்ட எண்களால். அந்த எண்களை மனிதர்கள் நினைவில் வைத்துக்கொள்ள இயலாது என்பதால் எண்ணின்மேல் ஒரு பெயரை ஒட்டி வைத்திருக்கிறார்கள். 'டொமேன்' என்று நம் பிள்ளைகள் சொல்வது இதைத்தான். டாட் காம், டாட் மை, டாட் எஸ்ஜி என்று முடியும் பெயர்களைப் பேருந்து நிலையச் சுவரொட்டியிலும் மாவுப் பொட்டலத்திலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். யார் முதலில் கேட்கிறாரோ அவருக்கே பெயர். கேட்பவர் அந்தப் பெயருக்கு உரியவர்தாமா என்று பதிவு செய்து கொடுப்பவர் பொதுவாக விசாரிப்பதில்லை. 1995 செப்டம்பர் வரை டாட் காம் பெயர்களுக்குக் கட்டணம்கூட இல்லை. கட்டணம் வந்தபோதும் இரண்டு ஆண்டுக்கு 100 அமெரிக்க டாலர்தான்.

ஆகவே, கெட்டிக்காரர்கள் சிலர் பிறருடைய புகழ்பெற்ற பெயர்களையெல்லாம் முந்திக்கொண்டு பதிந்து வைத்தார்கள். இது பெரிய கம்பெனிகளின் வம்பு, நமக்கென்ன என்று ஒதுக்கிவிட வேண்டாம். என் சின்னம்மா கறித்தூள் விற்கிறவர். அவருடைய பெயருக்கே இந்த வழக்கு வந்தது.

சின்னம்மாவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கெடாவில் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது சித்தப்பாவும் உயிரோடு இல்லை. இரண்டு பிள்ளைகளோடு பட்டணத்து மலிவு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கையில் இருந்த தொழில் மரம் வெட்டுவது. பட்டணத்தில் மரம் ஏது? லயத்தில் யார் வீட்டில் கல்யாணமானாலும் இறைச்சிக் கறிக்கு மசாலை இவர் கையால்தான் என்ற பேச்சு இருந்தது. அந்தப் பேச்சையே முதலாக வைத்து மல்லியும் மிளகாயும் வறுத்து, பாயில் காயவைத்து, அரைவை ஆலைக்குத் தூக்கிக்கொண்டு போய், காலும் அரையும் கிலோவாகக் கட்டி விற்கத் தொடங்கினார். பொட்டலத்தின் மேல் அவருடைய பெயரும் ஓர் அம்மிக்கல் படமும் இருக்கும். பெயரை இங்கே நான் எழுதவில்லை. எழுதினால் விளம்பரம் செய்கிறேன் என்று ஆசிரியர் குழு கோபித்துக்கொள்ளும்.

சிறுதொழில் செய்வோருக்காக நடந்த பயிற்சி வகுப்பு ஒன்றில் யாரோ சொன்னதைக் கேட்டு, 2012-இல் அந்தப் பெயரையும் படத்தையும் வாணிபச் சின்னமாகப் பதிவு செய்ய மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் விண்ணப்பித்திருந்தார். நம் பெரியவர்கள் கிளி மார்க்கு, யானை மார்க்கு என்று சொல்வார்களே, அந்த 'மார்க்கு'தான் இது. மசாலைப் பொருள்கள் 30-ஆம் வகுப்பில் சேரும் என்று அதிகாரி சொன்னபோது, "நான் ஆறாம் வகுப்பே தாண்டலையே, என்னை முப்பதுல சேத்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தவர் சின்னம்மா. சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி அறையில் மாட்டினார். பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்கவில்லை.

2017-இல் பசார் மாலாமில் கடை போடும் இளைஞர் ஒருவர் சின்னம்மாவின் தூளை எடுத்து விற்க வந்தார். நல்ல உழைப்பாளி, கணினி தெரிந்தவர். "அம்மா, உங்க பேர்லயே இணையத்துல ஒரு பக்கம் திறப்போம். சிரம்பான்காரன் வீட்டுல இருந்தே கேட்பான், நாம தபால்ல அனுப்புவோம்" என்றார். சின்னம்மா மகிழ்ந்து தலையாட்டினார். சின்னம்மாவின் பெயரோடு டாட் மை சேர்த்து முகவரியைப் பதிந்தவர் அவர். கட்டணம் கட்டியவரும் அவரே. பதிவுப் பத்திரத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் இருந்ததும் அவருடைய பெயர்தான். அப்போது யாருக்கும் அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. தப்பு இருக்கவும் இல்லை.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சந்தை மூடிக் கிடந்த அந்த மாதங்களில் இணையப் பக்கம்தான் அந்தக் குடும்பத்துக்கும் இந்த இளைஞருக்கும் சோறு போட்டது. ஒரு நாளைக்கு அறுபது பொட்டலம் கட்டினோம் என்று சின்னம்மா சொல்வார். பணம் பெருகினால் கணக்கில் சண்டை வருவது புதிதா? 2021 கடைசியில் பேச்சு முறிந்தது. அவர் தூள் எடுப்பதை நிறுத்திக்கொண்டார். முகவரி மட்டும் அவரிடமே இருந்தது.

அடுத்த தீபாவளிக்கு முன்பு சின்னம்மா வீட்டுத் தொலைபேசி அடித்தது. சிங்கப்பூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர். "உங்க பேரை நம்பித்தானே வாங்கினேன், தூள்ல பழைய வாடை அடிக்குதே" என்று குறைப்பட்டார். சின்னம்மா அவருக்குத் தூளே அனுப்பியிருக்கவில்லை. அந்த இளைஞர் வேறொரு ஆலையின் தூளை வேறு பொட்டலத்தில், ஆனால் அதே முகவரியில் விற்றுக்கொண்டிருந்தார். முகவரியைத் திருப்பிக் கேட்டதற்கு, "15,000 வெள்ளி கொடுங்க, எழுதிக் கொடுத்துடுறேன்" என்று பதில் வந்தது.

"நான் சாகுறதுக்கு முன்னாடியே என் பேரை இன்னொருத்தன் தூக்கிட்டுப் போயிட்டானா?" என்று சின்னம்மா என்னிடம் கேட்டார். அவருக்குப் பதினைந்தாயிரம் வெள்ளி என்பது சேமிப்பு முழுவதும். அதைவிட, முகம் தெரியாத ஒருவர் தம் பெயரைச் சொல்லிக் கெட்ட தூள் என்று பேசியதுதான் அவரைத் தூங்கவிடவில்லை. மூத்த மகன் போலீசில் புகார் கொடுக்கலாம் என்றான். பக்கத்து வீட்டுக்காரரோ, பதிந்தவனுக்குத்தான் சொந்தம், நிலப் பட்டா மாதிரி என்றார். எங்கள் பள்ளியில் என்னிடம் படித்து இன்று வழக்கறிஞராக இருக்கும் ஒரு பெண்ணிடம் சின்னம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். "டீச்சர், இதுக்குன்னே ஒரு தனி ஏற்பாடு இருக்கு" என்று விதிகளை அச்சடித்துக் கையில் கொடுத்தாள். இனி நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்தத் தாள்களிலிருந்தும் அதன்பின் தேடிப் படித்ததிலிருந்தும் அறிந்தவை.

முதலில், பட்டா என்ற எண்ணம் சரியல்ல. இணைய முகவரியை நாம் விலைக்கு வாங்குவதில்லை. ஆண்டுக் கணக்கில் குத்தகைக்கு எடுக்கிறோம். குத்தகை எடுக்கும்போதே, பிறர் உரிமையைக் கெடுக்கமாட்டேன், தகராறு வந்தால் நடுவர் முன் நிற்பேன் என்ற நிபந்தனைக்கும் ஒப்புக்கொள்கிறோம். அந்த நீண்ட ஒப்பந்தத்தை எவரும் படிப்பதில்லை, பெட்டியில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். ஆனாலும் ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான்.

இந்த ஏற்பாடு வருவதற்கு முன்பு நீதிமன்றம் ஒன்றுதான் வழி. திரைப்படக் கேமராக்களுக்குப் பெயர்போன பானாவிஷன் நிறுவனத்தின் பெயரை அமெரிக்காவில் டென்னிஸ் டோப்பன் என்பவர் 1995-இல் பதிந்துகொண்டார். அந்தப் பக்கத்தில் இல்லினாய் மாநிலத்துப் பானா என்ற சிற்றூரின் வான்படங்களைப் போட்டு வைத்திருந்தார். நிறுவனம் கேட்டபோது 13,000 டாலர் என்றார். கொடுக்க மறுத்து அவர்கள் வழக்காடி, 1998-இல் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். இன்னொரு கதை எனக்குப் பிடித்தது. 1994-இல் ஜோஷுவா குவிட்னர் என்ற பத்திரிகையாளர், மெக்டானல்ட்ஸ் பெயரில் டாட் காம் இன்னும் பதிவாகாமல் கிடப்பதைக் கண்டு தாமே பதிந்துகொண்டு, அதைப்பற்றி 'வயர்ட்' இதழில் எழுதினார். கடைசியில் நிறுவனம் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிப் பள்ளி ஒன்றுக்கு இணைய வசதிக்காக 3,500 டாலர் கொடுத்தது. இவர் பெயரைக் கொடுத்துவிட்டார். எங்கள் பள்ளிக்கு அப்படி ஒரு பெயரும் கிடைக்கவில்லையே என்று ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரித்தோம்.

எல்லாருக்கும் வழக்காடப் பணம் இருக்குமா? அதுவும் பெயரைப் பிடித்தவர் வேறொரு நாட்டில் இருந்தால் எந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போவது? ஆகவே, பெயர்களின் உலக ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் ஐகேன் என்ற அமைப்பு 1999-இல் ஒரே மாதிரியான தகராறு தீர்க்கும் விதி ஒன்றை ஏற்றுக்கொண்டது. ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்து நிறுவனம் அதே ஆண்டு டிசம்பரிலிருந்து முறையீடுகளை வாங்கத் தொடங்கியது. முதல் வழக்கே மல்யுத்தம்தான்! உலக மல்யுத்தக் கூட்டமைப்பின் பெயரைக் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒருவர் பதிந்துகொண்டு, சில நாட்களிலேயே 1,000 டாலருக்குத் தருகிறேன் என்று அவர்களிடமே போய் நின்றார். 2000 ஜனவரி 14-இல் பெயர் மல்யுத்தக்காரர்களுக்கே என்று தீர்ப்பாயிற்று. வேடிக்கை என்னவென்றால், அதே நிறுவனம் 2002-இல் டபிள்யூ டபிள்யூ எஃப் என்ற மூன்று எழுத்தை வனவிலங்குகளைக் காக்கும் உலக நிதியத்திடம் இழந்து, டபிள்யூ டபிள்யூ இ என்று மாறிக்கொண்டது. அது நீதிமன்ற வழக்கு, வேறு கதை.

டாட் காம் பெயருக்கான இந்த விதியில் முறையிடுபவர் மூன்றைக் காட்ட வேண்டும். முகவரி தம் வாணிபச் சின்னத்தைப்போலவே, அல்லது குழப்பும் அளவுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். பதிந்தவருக்கு அந்தப் பெயரில் உரிமையோ நியாயமான நலனோ இருக்கக் கூடாது. கெட்ட எண்ணத்தோடு பதிந்தும் பயன்படுத்தியும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் முறையீடு விழுந்துவிடும். நேரில் போய் நிற்க வேண்டியதில்லை. தாள்களைக் கொண்டே நடுவர் முடிவு செய்வார். எதிர்த்தரப்புக்கு 20 நாள் அவகாசம். நடுவர் அமர்ந்தபின் தீர்ப்புக்குச் சாதாரணமாக 14 நாள். தனி நடுவர் என்றால் கட்டணம் 1,500 அமெரிக்க டாலர், நம் பணத்தில் சுமார் 6,000 வெள்ளி. வென்றால் பெயர் கைமாறும், அல்லது ரத்தாகும். நட்டஈடு என்று ஒரு காசும் கிடையாது. தோற்றவர் 10 வேலை நாளுக்குள் நீதிமன்றம் போனால் பெயர் கைமாறுவது நிறுத்தி வைக்கப்படும். 2023-இல் மட்டும் ஜெனீவாவுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்தன என்றால், உலகில் எத்தனை சின்னம்மாக்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

புகழ் இருப்பவருக்கே பெயர் என்றும் இல்லை. நடிகை ஜூலியா ராபர்ட்ஸ் 2000-இல் தம் பெயரை மீட்டார். அதே ஆண்டில் பாடகர் ஸ்டிங் தோற்றார். ஸ்டிங் என்பது ஆங்கிலத்தில் கொட்டுதல் என்ற சாதாரணச் சொல். அந்தப் பெயரை வைத்திருந்தவரோ அதைத் தம் புனைபெயராகப் பயன்படுத்தி வந்தவர். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஊசி நிசான் என்பவர், பிறப்பிலேயே நிசான் என்ற குடும்பப் பெயருடையவர், தம் கணினிக் கடைக்காக 1994-இல் அந்தப் பெயரைப் பதிந்தார். கார் நிறுவனம் 1999-இல் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. பல ஆண்டுகள் அலைந்தார், பணத்தைக் கரைத்தார், ஆனால் பெயரை விடவில்லை. 2020-இல் அவர் இறக்கும்போதும் அந்த முகவரி அவருடையதாகவே இருந்தது. நம் நாட்டிலேயே கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் இருந்த மெக்கறி உணவகத்தை மறந்திருக்கமாட்டீர்கள். அது இணைய முகவரி வழக்கன்று, பெயர்ப்பலகை வழக்கு. 2006-இல் மெக்டானல்ட்ஸுக்குச் சாதகமாக வந்த தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-இல் மாற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றமும் மெக்டானல்ட்ஸின் மனுவைத் தள்ளுபடி செய்தது. எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் அன்று அதைப்பற்றித்தான் பேச்சு.

சின்னம்மாவின் வழக்குக்கு வருவோம். இங்கேதான் எனக்குள் இருக்கும் தமிழாசிரியை விழித்துக்கொண்டாள். உலக விதியில் 'பதிந்தும் பயன்படுத்தியும்' என்று இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. நம் இலக்கணத்தில் எண்ணும்மை என்போமே, அதுதான். இரண்டு 'உம்'மும் நிறைவேற வேண்டும். இந்த இளைஞர் 2017-இல் பெயரைப் பதிந்தபோது கெட்ட எண்ணம் இருந்ததா? இல்லை. சின்னம்மாவின் சம்மதத்தோடு, சின்னம்மாவின் தூளை விற்பதற்காகவே பதிந்தார். பிறகுதான் எண்ணம் மாறியது. சின்னம்மாவின் முகவரி டாட் காமாக இருந்திருந்தால் இந்த ஓர் 'உம்'மிலேயே முறையீடு தடுக்கி விழுந்திருக்கக் கூடும்.

நம் டாட் மை பெயர்களுக்கோ தனி விதி. அதை வைத்திருப்பது மைநிக் என்ற நம் நாட்டு அமைப்பு. அந்த விதியில் கெட்ட எண்ணத்தோடு பதிந்திருந்தாலும் போதும், பயன்படுத்தியிருந்தாலும் போதும். இரண்டில் ஒன்று நிரூபணமானால் சரி. என் மாணவி இந்த வரியின் கீழ்ச் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தாள். 'உம்' போய் 'அல்லது' வந்தது. அதோடு சின்னம்மாவுக்கு வழியும் வந்தது. முறையிடுபவர் காட்ட வேண்டியவையும் அங்கே இரண்டுதான்: சின்னத்தோடு ஒற்றுமை, கெட்ட எண்ணம். தமக்கு நியாயமான உரிமை உண்டு என்று காட்டி மறுக்கும் வாய்ப்பு எதிர்த்தரப்புக்கு இருக்கிறது. விசாரிக்கும் இடமும் ஜெனீவா அன்று. கோலாலம்பூரிலுள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மன்ற மையம். 2018 வரை அதற்குக் கோலாலம்பூர் வட்டார நடுவர் மன்ற மையம் என்று பெயர்.

அந்த இளைஞர் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடுவது தகாது. பக்கத்தை வடிவமைத்தவர் அவர், நான்கு ஆண்டுக் கட்டணமும் அவர் பணம். ஒருவருடைய பொருளை உண்மையாகவே விற்கும் வியாபாரி அந்தப் பொருளின் பெயரோடு முகவரி வைத்துக்கொள்வது குற்றமன்று என்று ஜெனீவா நடுவர் ஒருவர் 2001-இல் ஓகி டேட்டா என்ற அச்சுப்பொறி நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பு எழுதியிருக்கிறார். ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. அந்தப் பொருளை மட்டுமே விற்க வேண்டும். தாம் யார், உரிமையாளருக்கும் தமக்கும் என்ன உறவு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சின்னம்மாவின் தூளை விற்ற வரையில் அவர் கையில் முகவரி இருந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேறு ஆலைத் தூளை அதே வாசலில் வைத்த அன்றே அந்த நியாயம் போயிற்று. இதை நான் சின்னம்மாவிடமும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் மல்லியைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

2023 தொடக்கத்தில் தாள்களைச் சேர்த்தோம். சாமி அறையிலிருந்து சான்றிதழ் இறங்கியது. 2022-இல் புதுப்பித்த ரசீது, பழைய பொட்டலங்கள், 2017-இல் அந்த இளைஞர் "அம்மா உங்க பேர்ல திறக்கிறேன்" என்று கைத்தொலைபேசியில் அனுப்பிய செய்தி, பதினைந்தாயிரம் கேட்ட செய்தி, இணையப் பக்கத்தைத் தேதியோடு எடுத்த படங்கள், சிங்கப்பூர் வாடிக்கையாளரின் கடிதம். பேரன் ஒருவன் கணினிப் பக்கங்களை அச்சடித்துத் துளையிட்டு நூல் கோத்தான். வாசகர்களில் சிறுதொழில் செய்பவர்கள் இருந்தால் அந்தத் துண்டுச் செய்திகளை அழித்துவிடாதீர்கள். நடுவருக்குத் தெரிவதெல்லாம் தாள்தான், கண்ணீர் தெரியாது.

முதலில் ஒரு கடிதம் அனுப்பினோம். பதில் இல்லை. பிறகு கட்டணம் கட்டி மையத்தில் முறையீடு கொடுத்தோம். அறிவிப்பு போய்ச் சேர்ந்த வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த இளைஞர் சின்னம்மா வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். மூத்த மகன் கதவருகில் விறைத்து நின்றான். சின்னம்மா, "வெயில்ல நிக்காத, உள்ள வா" என்றார்.

அவருக்கும் யாரோ விதிகளைப் படித்துச் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. "டீச்சர், நான் வேணும்னு செய்யல. ஸ்டாக் இல்லாம பக்கம் சும்மா கெடந்துச்சு, பேங்க் கடன் வேற இருந்துச்சு" என்றார் என்னைப் பார்த்து. வேண்டுமென்று செய்யவில்லை என்பதை நான் ஒப்பவில்லை. வேறு தூளைக் கட்டி அனுப்பிய கை அவருடையதுதான். ஆனால் வங்கிக் கடன் உண்மை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. முகவரியைச் சின்னம்மா பெயருக்கு மாற்றிக்கொடுப்பது. வேறு தூளை அந்தப் பெயரில் விற்பதில்லை என்று எழுதிக் கொடுப்பது. பதிலுக்கு, முதல் நாளிலிருந்து அவர் கட்டிய பதிவுக் கட்டணத்தையும், பக்கத்தை அமைக்க அவர் செலவழித்ததற்கு ரசீது இருப்பதையும் சின்னம்மா கொடுத்துவிடுவது. பதினைந்தாயிரம் எங்கே, இது எங்கே? மொத்தம் ஆயிரத்து எண்ணூறு வெள்ளிகூட வரவில்லை. பணம் கொடுக்கக் கூடாது என்று மகன் முறைத்தான். "அவன் காசு அவனுக்கு. என் பேரு எனக்கு" என்று சின்னம்மா முடித்துவிட்டார்.

நடுவர் தீர்ப்பு வரை போயிருக்க வேண்டும், அப்போதுதான் பிறருக்கும் பயம் வரும் என்று என் மாணவி கருதினாள். அவள் தொழில் அப்படிப் பேசவைக்கும். தீர்ப்பு வந்திருந்தாலும் கிடைப்பது இதே முகவரிதான், அதற்குமேல் ஒன்றுமில்லை என்பதால் சமரசமே மேல் என்பது என் எண்ணம். ஒப்பந்தத்தை மலாயில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டு படியாக எழுதி இருவரும் கையொப்பமிட்டார்கள். சமரசமாயிற்று என்று மையத்துக்குத் தெரிவித்து முறையீட்டை மீட்டுக்கொண்டோம். பதிவு நிறுவனத்தில் மாற்று விண்ணப்பம் கொடுத்தோம். அடையாள அட்டைப் படியில் சின்னம்மாவின் பெயரில் ஓரெழுத்து வேறுபட்டிருந்ததால் ஒருமுறை திரும்பி வந்தது, மறுபடியும் அனுப்பினோம்.

உங்கள் வீட்டில் யாராவது பலகாரமோ ஊறுகாயோ சேலைத் தையலோ இணையத்தில் விற்றால், இன்றைக்கே ஒன்றைப் பாருங்கள்: முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? பக்கம் செய்து கொடுத்த தம்பியின் பெயரிலா, உங்கள் பெயரிலா? தம்பி நல்லவராகவே இருக்கட்டும். பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்கட்டும். கட்டணத்தைப் புதுப்பிக்கத் தவறினால் குத்தகை முடிந்து, வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்திலேயே முகவரி வேண்டுமென்றால் சிங்கப்பூர் வாசகர்களுக்கு டாட் சிங்கப்பூர் என்று தமிழில் முடியும் பெயர்களும் உண்டு. நமக்கு மலேசியா என்று தமிழில் முடியும் ஏற்பாடு இல்லை. ஜாவி எழுத்தில்தான் இருக்கிறது.

அந்த இளைஞர் இப்போது மறுபடியும் சின்னம்மாவிடம் தூள் எடுக்கிறார், பசார் மாலாம் கடைக்கு மட்டும், கைக்குக் கை காசு. இணையப் பக்கத்தைப் பேரன் பார்த்துக்கொள்கிறான். சான்றிதழ் சாமி அறைக்குத் திரும்பிவிட்டது. அதன் பக்கத்தில் தொங்கும் நாட்காட்டியில், முகவரிக்கு அடுத்த கட்டணம் கட்ட வேண்டிய தேதியைச் சின்னம்மா சிவப்பு மையால் வட்டமிட்டு, அதற்கு ஒரு மாதம் முந்திய தேதியையும் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.